ஆவடி முதல் அத்திரம்பாக்கம் வரை: பேலியோவில் என் முதல் 10 நாள்கள்!

காலை 7.40 மணி. ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் டீக்கடை. ஒரு பக்கம் பாய்லரில் பால் கொதிக்கிறது. இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் உளுந்து வடை திரும்பிப் படுக்கிறது. காலேஜ் படித்த காலத்திலிருந்து தினமும் ஒரு டீ, ஒரு வடை என்று கணக்கு வைத்திருந்த கடை அது.

"என்ன பாப்பா, உடம்பு சரியில்லையா? மூணு நாளா கடைப்பக்கமே காணோம்?" என்றார் டீ மாஸ்டர்.

"டயட்ல இருக்கேண்ணா."

"கல்யாணமா?"

சுற்றி நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 26 வயதுப் பெண் டயட் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "இல்லண்ணா, சுகர்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சிரித்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

6.1 என்ற எண்

இரண்டு மாதங்களுக்கு முன்பு அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். கடந்த 3 மாத சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி எனக்கு 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குத் துணைக்கு ஆள் நிறைய. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எனக்கு வந்த அந்த 'முந்தைய நிலை'யில் 13.6 கோடி பேர். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு 12 வருடங்களாகச் சர்க்கரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். டிபன் பாக்ஸோடு மாத்திரை டப்பாவும் பையில் போகும்.

உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பேலியோவில் 14 கிலோ குறைத்தவர். "ஒரு 3 மாசம் முயற்சி பண்ணிப் பாரேன்" என்றார். மருத்துவரிடம் போனேன். கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க மாத்திரை எதுவும் எடுக்கலை. அதனால முயற்சி பண்ணலாம். தண்ணி நிறைய குடிங்க, உப்பைக் குறைக்காதீங்க, 3 மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

என்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மாத்திரை போடுகிறவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆறாம் நாள் இரவில்தான் தெரிந்தது.

கற்காலம், தமிழ்ப் பதிப்பு

பேலியோ என்றால் பழைய கற்காலம். விவசாயம் தொடங்கி சுமார் பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் மனிதன் வேட்டையாடியும், காய் கனி கிழங்கு சேகரித்தும் வாழ்ந்தான். நம் உடல் அந்தச் சாப்பாட்டுக்குத்தான் பழகியது என்பது இதன் அடிப்படை வாதம். 1985-ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 2002-ல் லோரன் கார்டெய்ன் எழுதிய புத்தகம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

தமிழில் இதைப் பரப்பியதில் முக்கியமானவர் நியாண்டர் செல்வன். அவருடைய 'பேலியோ டயட்' புத்தகத்தைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. கடந்த பத்து ஆண்டுகளில் முகநூல் வழியாக இது வீடு வீடாகப் போய்விட்டது. நம் ஊர் பேலியோவுக்கென்று தனி முகம் உண்டு. அமெரிக்கப் பேலியோ பால் பொருள்களை ஒதுக்குகிறது. நம்முடையதில் நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் உண்டு. சைவர்களும் இதில் இருக்கிறார்களே!

மெனு சுருக்கமாக: காலையில் ஊறவைத்து, நெய்யில் வறுத்த 100 பாதாம், அல்லது முட்டை. மதியம் காலிஃபிளவரைச் சாதம்போலத் துருவிக் காய்கறி, கீரை. இரவு சிக்கன், மட்டன், மீன், சைவர்களுக்குப் பனீர். அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, வெல்லம், கிழங்கு, பிஸ்கட் எதற்கும் அனுமதி இல்லை. பழங்களும் பெரும்பாலும் கிடையாது.

முதல் நாள்: வீட்டைக் காலி செய்தல்

ஆர்வக் கோளாறில் முதல் வேலையாகச் சமையலறையில் கை வைத்தேன். சர்க்கரை டப்பா, பிஸ்கட் பாக்கெட், அவல், சேமியா எல்லாவற்றையும் எடுத்துக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். "கண்ணுல பட்டா கை போகும்" என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு.

பிறகு ஆவடி மார்க்கெட். காலிஃபிளவர், கோஸ், முருங்கைக்கீரை, இரண்டு டஜன் முட்டை, அரைக் கிலோ பாதாம். பாதாமுக்குக் கொடுத்த பணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வந்திருக்கும். 100 பாதாம் என்பது கிட்டத்தட்ட 120 கிராம். அதில் சுமார் 700 கலோரி. ஒரு வேளைக்கு நிறைவான சாப்பாடுதான். ஆனால், 37-வது பாதாமில் தாடை வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"சாம்பாராவது ஊத்திக்கலாம்ல?" என்றார் அம்மா, காலிஃபிளவர் சாதத்தைப் பார்த்து.

"பருப்பு கூடாதும்மா."

"பருப்பு கூடாதா? அப்ப அந்த டயட்டை எழுதினவங்க வீட்ல அம்மா இல்லையா?"

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி அசைவம் கிடையாது. அந்த இரண்டு நாளும் பனீர். அம்மா முதல் தடவை செய்தபோது அதை உருளைக்கிழங்கு வறுவல் பக்குவத்தில் மொறுமொறு என்று வறுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள்: திருமுல்லைவாயலில் தொடங்கிய தலைவலி

ரயிலில் ஆவடி, அண்ணனூர் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தேன். திருமுல்லைவாயல் வரும்போது நெற்றிப் பொட்டில் ஒரு குத்தல். அம்பத்தூர் வருவதற்குள் தலை முழுக்கப் பரவிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தெம்பில்லை. பட்டரவாக்கத்தில் இறங்கும் அப்பா, "திரும்பி வீட்டுக்குப் போயிடும்மா" என்றார். அப்போதும் நான் கேட்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் உடல் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சுமார் அரைக் கிலோ சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே அனுப்புகிறது. தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் இழுப்பு, மலச்சிக்கல், எதைப் பார்த்தாலும் எரிச்சல்... எல்லாம் இதனால்தான். காய்ச்சல் இல்லாத காய்ச்சல் மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடத் துடிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவும். அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தண்ணீர்!

அன்று என்னைக் காப்பாற்றியது உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். இரவு அம்மா வைத்த ஆட்டுக்கால் சூப்.

நான்காம் நாள்: எஸ்டேட்டில் மதியம் ஒரு மணி

சோதனையாக அன்று எனக்கு வந்த அசைன்மென்ட், அம்பத்தூர் எஸ்டேட்டின் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள் பற்றி ஒரு வீடியோ.

1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை இது. சின்னச் சின்னப் பட்டறைகளும் உதிரிபாக நிறுவனங்களும் நிறைந்த இடம். இப்போது கண்ணாடி மாளிகை ஐ.டி நிறுவனங்களும், ஆயத்த ஆடை நிறுவனங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. மதியம் ஒரு மணி ஆனால் சட்டை கை எல்லாம் கிரீஸோடு ஒரு கூட்டம், கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு கூட்டம், டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு மரத்தடி தேடும் பெண்கள் கூட்டம். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது சோறு. எலுமிச்சை சாதம், சாம்பார் சாதம், தயிர் சாதம், தட்டில் குவித்த அளவுச் சாப்பாடு. வறுத்த அப்பளத்தின் வாசனை கேமராவில் பதியாது என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம், "சோறு சாப்பிடாம இருக்கேன்க்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க வர்ற புள்ளைங்க காலையில எட்டுலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுகிட்டே வேலை செய்யுதுங்க. நாப்பது ரூபாயில வயிறு ரொம்பணும். சோத்தை விட்டா வேற எதை வெச்சும்மா ரொப்புறது?"

என்னிடம் பதில் இல்லை. என் பையில் இருந்த நான்கு அவித்த முட்டைகளின் விலை சாம்பார் சாதத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால், பாதாம், நெய், பனீர், இரவு இறைச்சி என்று கூட்டினால் என் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 300 ரூபாயைத் தாண்டியது. இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு. அது வெறும் நாக்கு ருசி சமாச்சாரம் மட்டும் இல்லை என்று அந்தத் தள்ளுவண்டி முன்னால் நிற்கும்போது புரிந்தது. ரேஷன் கடையில் கிடைப்பது அரிசி. குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது அரிசி. எஸ்டேட் முழுக்க ஓடும் மெஷின்களுக்குப் பின்னால் இருக்கும் எரிபொருளும் அதுதான்.

ஐந்தாம் நாள்: பூந்தமல்லி வளைகாப்பு

பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி பஸ் போகும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஊர்ந்து, மண்டபத்துக்குள் நுழைந்தால், வாசலிலேயே சர்க்கரையும் கற்கண்டும்.

வளைகாப்பு என்றால் கலந்த சாதம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். இலையில் எனக்கான இடம் எங்கே என்று தேடினேன். ஓர் ஓரத்தில் கோஸ் பொரியல்.

"ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது."

"மாப்பிள்ளை பார்த்தாச்சா? சொல்லவே இல்ல!"

"எங்க பாட்டி மூணு வேளையும் சோறு தின்னுட்டு 90 வயசு வரைக்கும் இருந்தாங்க."

மூன்றாவது வாதத்துக்குப் பதில் எனக்குத் தெரியும். பாட்டி நெல் குத்தினார், தண்ணீர் இறைத்தார், வயலுக்கு நடந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பு யோசிக்கிறேன். ஆனால், அதைப் பந்தியில் சொல்ல முடியாது. கடைசியில் நிமிர்ந்து, "பெரியம்மா, எனக்கு சுகர் ஆரம்பிக்கிற மாதிரி இருக்காம். அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு பக்கத்தில் இருந்த சித்தி மெதுவாக, "எனக்கும் இருக்குடி. வீட்ல இன்னும் சொல்லலை" என்றார். எதிர் இலையில் இருந்த அண்ணி, என்ன டெஸ்ட், எங்கே எடுத்தாய் என்று கேட்டார். யாரோ போய்க் கூடுதலாகப் பொரியல் கொண்டுவந்து வைத்தார்கள். டீக்கடையில் வராத வார்த்தையை இங்கே சொன்னதில் எனக்கு ஒரு தட்டுப் பொரியலும் சித்திக்கு ஒரு துணையும் கிடைத்தது.

ஆறாம் நாள்: இரவு 2.10

"பாப்பா... பாப்பா..." அம்மா எழுப்பினார். குரலில் நடுக்கம்.

ஹாலில் அப்பா உட்கார்ந்திருந்தார். பனியன் முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னவென்று கேட்டால் வார்த்தை குழறியது. குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தேன். 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்நிலைச் சர்க்கரை. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும்.

சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை டப்பா இருந்த இடம் காலி. பிஸ்கட் காலி. எல்லாவற்றையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்தது நான்தானே? அந்தக் காலி அலமாரியைப் பார்த்து நின்ற சில விநாடிகளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அம்மா சாமி அலமாரிக்குப் போனார். அங்கே கிண்ணத்தில் கற்கண்டு இருந்தது. அம்மிக் குழவியால் தட்டி, வெந்நீரில் கரைத்து, அப்பாவைக் குடிக்கவைத்தார். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன். 82. சாமிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தையும் சாப்பிடக் கொடுத்தோம். அப்பாவின் முகத்தில் மெதுவாக ஆள் திரும்பி வந்தார்.

நடந்தது இதுதான். மூன்று நாள்களாக அப்பா இரவில் சோறு சாப்பிடவில்லை. எங்களிடம் சொல்லாமல் இரண்டு ஆம்லெட், கொஞ்சம் பொரியலோடு நிறுத்திக்கொண்டிருந்தார். மாத்திரையை மட்டும் எப்போதும்போலப் போட்டிருக்கிறார். அந்த மாத்திரைகளில் ஒன்று, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஏன்ப்பா சொல்லல?"

"நீ பாட்டுக்கு ஒருத்தியா காலிஃபிளவரைத் துருவி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. எதிர்ல உக்காந்து எனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?"

நான் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை அப்பாவின் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார். இன்சுலின் போடுகிறவர்கள், இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென மாற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வேறு சில புதிய மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அவற்றை எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக இதில் இறங்கவே கூடாது.

"சோறைக் குறைக்கலாம், தப்பில்லை. நான் மாத்திரையைக் குறைச்ச பிறகு, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது: வேளைக்கு மூன்று இட்லி, அல்லது ஒரு கப் சாதம், நிறைய காய். நேரம் தவறக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திரும்ப வாங்கி வந்தேன்.

ஒன்பதாம் நாள்: நிஜமான பேலியோவைத் தேடி

என் வார விடுமுறை நாள். எங்கள் ரயில் பாதையிலேயே மேற்கே போனால், கற்கால மனிதன் வாழ்ந்த இடம் இருக்கிறது என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. பேலியோ, பேலியோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அப்பாவும் லீவு போட்டுவிட்டு உடன் வந்தார். டிபன் பாக்ஸில் அவருக்கு இட்லி. இன்னொரு பாக்ஸில் எனக்கு முட்டை. பையில் மறக்காமல் குளுக்கோஸ் பாக்கெட்.

ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை ரயிலில் அரை மணி நேரம்தான். பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டியதும் வீடுகள் விலகி, ஏரிகளும் பச்சையும் வர ஆரம்பிக்கும். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்கு பஸ். சென்னையின் தாகம் தீர்க்க, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயர். பெரும்பாலானவர்கள் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. தொல்பழங்காலத்துக்கென்றே இருப்பது.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள். கைக்கோடரி, வெட்டுக்கருவி, சுரண்டி. பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான கல். நான் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். அப்பா ஒரே பெட்டி முன்னால் நின்றுவிட்டார். அதில் ஒரு கைக்கோடரி. கண்ணீர்த் துளி வடிவம், கீழே உருண்டை, மேலே கூர்.

"இதைப் பாரேன். ரெண்டு பக்கமும் சமமா செதுக்கியிருக்கான். ஒரு பக்கம் கூடுதலா எடுத்திருந்தா பேலன்ஸ் போயிருக்கும். கீழ உருண்டையா விட்டிருக்கான் பாரு, அது உள்ளங்கை உட்காரறதுக்கு. லேத் இல்ல, கேஜ் இல்ல. கண் அளவு!"

முப்பது வருடமாக இரும்பைக் கடைந்தவர் சொல்கிறார். அதற்கு மேல் எந்தப் பலகையும் எனக்குத் தேவைப்படவில்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அத்திரம்பாக்கம் போனோம். பெரிய கோயிலோ கோட்டையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். முள் புதர், மழை அரித்த ஓடைகள், செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த வெட்டவெளி. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால், ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது.

இந்தக் கதை நம் சென்னையில் தொடங்குகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் வந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். இங்கே கிடைத்தது போன்ற கைக்கோடரிகளுக்கு 'மெட்ராஸ்' என்ற பெயரே ஆய்வுலகில் நிலைத்தது. 1999-லிருந்து சாந்தி பப்பு தலைமையிலான குழு இங்கே அகழாய்வு செய்தது. 2011-ல் வெளியான அவர்களுடைய முடிவுகளின்படி இங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அதற்குப் பின் வந்த, நுட்பமான சிறு கருவிகளின் காலம் சுமார் 3,85,000 ஆண்டுகள் வரை பின்னால் போகிறது என்று 2018-ல் இன்னொரு ஆய்வுக் கட்டுரை வந்தது.

சரி, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? விலங்குகளின் பல் படிவங்கள் சிலவும், கால் தடங்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால், ஒரு நாளைக்கு எத்தனை பாதாம் என்று எழுதிய கல்வெட்டு எதுவும் இல்லை! ஆறு ஓடும்போது ஒன்று, காய்ந்தபோது இன்னொன்று என்று கிடைத்ததைத்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். உலகில் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. இத்தாலி, ரஷ்யா, செக் நாடுகளில் கிடைத்த சுமார் 30,000 ஆண்டுப் பழைமையான அரைக்கும் கற்களில் மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டியிருந்தன. நியாண்டர்தால் மனிதர்களின் பல் காரையிலேயே சமைத்த தாவர மாவுச்சத்து கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கற்கால மனிதன் கிழங்கை ஒதுக்கவில்லை. அவனிடம் இல்லாதது சர்க்கரை ஆலையும், தீட்டிய வெள்ளை அரிசியும், நாள் முழுக்க உட்கார நாற்காலியும்தான்.

மர நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். அப்பா இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தார். நான் முட்டையை உரித்தேன். ஆறு நாளாக வீட்டில் இருந்த இறுக்கம் அங்கே இல்லை. அவர் இலையைப் பார்த்து எனக்கு ஆசை வரவில்லை, என் முட்டையைப் பார்த்து அவருக்குக் குற்றவுணர்ச்சி வரவில்லை.

"15 லட்சம் வருஷம் இங்க இருந்திருக்காங்க. பாவம், இட்லி தெரியாமலே போயிட்டாங்க" என்றார் அப்பா.

பத்தாம் நாள்: நிலவரம்

தலைவலி போய்விட்டது. மதியம் 3 மணிக்கு வரும் தூக்கம் இல்லை. எடை 2.4 கிலோ குறைந்திருக்கிறது, அதில் தண்ணீர் எவ்வளவு என்று மேலேயே சொல்லிவிட்டேன். மாலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கிறேன். 6.1 என்ன ஆகிறது என்பது 3 மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை இது எனக்குச் சரிப்படுகிறது, உங்களுக்கும் சரிப்படும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு, இந்தப் பத்து நாளில் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

* ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையும் முதலில். பாதாம் வாங்குவது அப்புறம்.
* வீட்டில் யாராவது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால், அவர்களும் உங்களோடு ரகசியமாக டயட்டில் சேர்ந்துவிட்டார்களா என்று கவனியுங்கள். பாசம் மாத்திரைக்குப் புரியாது.
* சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் சர்க்கரை டப்பா கட்டாயம் இருக்க வேண்டும். தாழ்நிலைக்கு 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.
* ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் முதல் வாரம் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீரையும் காயும் தட்டில் பாதி இருக்கட்டும்.
* உறவினர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சு உடனே நின்றுவிடும்!

இன்று காலை மறுபடி அதே டீக்கடை. இந்த முறை அப்பாவோடு. அவருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ. எனக்குப் பால் இல்லாத எலுமிச்சை டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

"என்ன பாப்பா, கல்யாணம் எப்போ?" என்றார் டீ மாஸ்டர் விடாமல்.

"அதெல்லாம் இல்லண்ணா. எனக்கு சுகர் வர்ற மாதிரி இருக்காம். அதான்."

பாய்லரிலிருந்து கையை எடுத்தார். தன் வலது கால் கட்டை விரலைக் காட்டினார். அதில் ஒரு கட்டு. "ரெண்டு மாசமா ஆறல பாப்பா. ஒரு தடவை டெஸ்ட் எடுத்துரலாமா?" என்றார்.

அப்பா தன் பையிலிருந்து மருத்துவரின் சீட்டை எடுத்து, அதில் இருந்த விலாசத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். தூரத்தில் எங்கள் ரயில் வரும் சத்தம் கேட்டது.